கனரக டூரிங் பைக்குக்கு சஸ்பென்ஷன் மாற்றும் முன்: ஷாக்கை விட ஸ்பிரிங் முக்கியம்

கேள்வி இதுதான்: "என் டூரிங் பைக் 400 கிலோவுக்கு மேல். 60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பெரும்பாலும் மனைவியோடும் பெட்டி நிறையச் சாமானோடும்தான் போகிறோம். நீண்ட வளைவில் வண்டி ஆடுகிறது, பள்ளத்தில் பின்பக்கம் இடிக்கிறது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிந்துவிடுகிறது. விலை உயர்ந்த பின் ஷாக் ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகுமா?"

சரியாகலாம். ஆனால் எந்தக் கம்பெனி ஷாக் என்பதை விட, அதில் என்ன ஸ்பிரிங் இருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். உங்கள் எடைக்குப் பொருந்தாத ஸ்பிரிங்கோடு வந்த முதல்தரமான ஷாக்கை விட, பொருந்திய ஸ்பிரிங் போட்ட சாதாரண ஷாக் நன்றாக ஓடும். டாம்பிங் என்பது ஸ்பிரிங்கின் அசைவைக் கட்டுப்படுத்தும் வேலை. ஸ்பிரிங்கே தவறாக இருந்தால் கட்டுப்படுத்த என்ன இருக்கிறது? எத்தனை கிளிக் திருகினாலும் வண்டி உட்கார்ந்த இடத்திலேயேதான் உட்கார்ந்திருக்கும்.

கனமான டூரிங் வண்டிகளில் இந்தப் பிரச்சினை ஏன் அதிகம் என்றால், அவை சுமக்கும் பாரத்தின் வித்தியாசம் அவ்வளவு பெரியது. காலையில் ஒருவர் தனியாகப் போவார். மாலையில் அதே வண்டியில் இருவரும் மூன்று பெட்டிச் சாமானும். கூடுதலாக ஏறும் 110, 120 கிலோவில் ஏறக்குறைய முழுவதும் பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. தயாரிப்பாளர் இந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஸ்பிரிங்கைத்தான் போட்டு அனுப்ப முடியும். ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காக அதுவும் கொஞ்சம் இளகலான பக்கமே இருக்கும். அதனால் தனியாக ஓட்டும் நடுத்தர எடைக்காரருக்குக் குறை தெரியாது. இருவராகப் போகிறவருக்கு முதல் நாளிலிருந்தே குறைதான், பல வருடம் அதற்குப் பழகிப்போயிருப்பார், அவ்வளவுதான்.

பணம் செலவழிப்பதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஏனென்றால் நீங்கள் சொல்கிற ஆட்டத்துக்குக் காரணம் சஸ்பென்ஷனாகவே இல்லாமலும் இருக்கலாம். டயர் காற்று முதலில். 400 கிலோ வண்டியில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைந்தாலே வளைவில் திரும்பும் விதம் மாறும். நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்த பின்டயர், கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்த முன்டயர் இரண்டுமே சஸ்பென்ஷன் கெட்டுப்போனது போன்ற உணர்வைத் தரும். அப்புறம் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங். ஹேண்டிலில் வேகமாக, நடுக்கம் போல, நொடிக்கு ஆறு முதல் பத்து முறை வரை ஆட்டம் வந்தால் அது முன்பக்கச் சமாச்சாரம். டயர், வீல் பேலன்ஸ், தளர்ந்த கோன்செட் பேரிங் ஆகியவற்றைப் பாருங்கள். 2001-இல் வந்த ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1800 தலைமுறையில், வேகம் குறைந்து வரும்போது கையை எடுத்தால் ஹேண்டில் உதறுவது ஊரறிந்த விஷயம். டேப்பர் ரோலர் பேரிங் போட்டுச் சரியான இறுக்கத்தில் வைத்ததும் பலருக்கு அது அடங்கிவிட்டது. மாறாக, முழு வண்டியும் மெதுவாக, நொடிக்கு இரண்டு மூன்று முறை, பாம்பு நெளிவது போல இடமும் வலமும் அசைந்தால் அது வேறு. அதில் பின் ஷாக்கின் தேய்மானம், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பேரிங், பின்னால் உயரத்தில் ஏற்றிய கனமான பெட்டி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. நீங்கள் சொல்லும் ஆட்டம் நீண்ட வளைவில் வருவதால் இந்த இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

லிங்க்கேஜ் (ஸ்விங் ஆர்முக்கும் ஷாக்குக்கும் இடையிலான நெம்பு இணைப்பு) உள்ள வண்டியானால் அதன் ஊசி பேரிங்குகளைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. தண்ணீரும் தூசியும் படும் இடத்தில் இருப்பவை. 60,000 கிலோமீட்டரில் ஒருமுறைகூட கிரீஸ் பார்த்திருக்காத லிங்க்கேஜ் துருப்பிடித்து இறுகியிருந்தால், புதிய ஷாக் அந்த இறுக்கத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

சரி, இனி அளவெடுப்போம். இதற்கு ஒரு டேப், இரண்டு நண்பர்கள், அரை மணி நேரம் போதும். பாரத்தில் வண்டி எவ்வளவு உட்காருகிறது என்பதைத்தான் சேக் என்கிறோம். முதலில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் வண்டியைத் தூக்கி, ஆக்சிலிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளிவரை அளந்துகொள்ளுங்கள். பிறகு இறக்கி, நீங்கள் வழக்கமாகப் போடும் உடையோடும் ஹெல்மெட்டோடும் உட்காருங்கள். ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கட்டும், இன்னொருவர் அளக்கட்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சீல், புஷ் இவற்றின் உராய்வால் வண்டி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்காது. அதனால் பின்பக்கத்தை அமுக்கி மெதுவாக மேலே வரவிட்டு ஒரு அளவு, சற்றுத் தூக்கி மெதுவாகக் கீழே இறங்கவிட்டு ஒரு அளவு எடுத்து, இரண்டின் சராசரியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உராய்வின் அளவு. பின்பக்கம் அது சில மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் 20 மி.மீ.க்கு மேல் போனால் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்க் கால்கள்) புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்று அர்த்தம். ஆக்சில் பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, முன்பிரேக்கைப் பிடித்துச் சில முறை அமுக்கி, பிறகு இறுக்கினாலே சில வண்டிகளில் இந்த உராய்வு பாதியாகக் குறையும்.

டூரிங் வண்டிக்கு, ஆள் உட்கார்ந்த பிறகான சேக் மொத்த நகர்வில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். அந்த 2001 தலைமுறை ஜிஎல்1800-இல் பின்சக்கரம் மேலும் கீழும் 105 மி.மீ. நகரும், முன்பக்கம் 122 மி.மீ. அப்படியானால் பின்னால் 35, முன்னால் 40 மி.மீ. சுமார் இலக்கு.

இந்த இடத்தில் பலர் செய்வது: சேக் அதிகமாக இருந்தால் பிரீலோடை (பாரம் ஏறுமுன்பே ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் அளவை) ஏற்றிவிட்டு, "ஸ்பிரிங்கைக் கடினமாக்கிவிட்டேன்" என்பார்கள். பிரீலோட் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை. ஒரே சீரான சுருளுள்ள ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்கக் கேட்கும் பலம் எப்போதும் ஒன்றுதான், எவ்வளவு இறுக்கி வைத்தாலும் மாறாது. பிரீலோட் செய்வதெல்லாம் வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மாற்றுவதுதான். அதனால்தான் ஆளோடு எடுத்த சேக் மட்டும் போதாது, ஆளில்லாமல் வண்டி தன் எடைக்கே எவ்வளவு உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆளோடு சேக் சரியாக வரும்படி பிரீலோடை ஏற்றிய பிறகு, ஆளில்லாத வண்டி கிட்டத்தட்ட உட்காரவே இல்லை என்றால், ஸ்பிரிங் இளகல். அதை அளவுக்கு மீறி இறுக்கித்தான் நிற்க வைத்திருக்கிறோம். ஆளில்லாமலே நிறைய உட்கார்ந்தால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினம். முதல் முறை கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும், காகிதத்தில் போட்டுப் பார்த்தால் புரியும். லேசான ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்குச் சொல்லும் 5 முதல் 10 மி.மீ. என்ற கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வண்டிகள் ஓட்டுபவரை விட ஐந்து மடங்கு எடை. ஆளில்லாத சேக்கே 15, 20 மி.மீ. வருவது இவற்றில் இயல்பு.

இருவர் பயணத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் இந்த எடை வண்டிக்கு நெருக்கமானவை. பின்சக்கரத்தில் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் வண்டி எடை 180 கிலோ என்று வைப்போம். உங்கள் எடையில் 50 கிலோ பின்னால் விழுகிறது. லிங்க்கேஜின் நெம்பு விகிதம் 2.5, அதாவது சக்கரம் 2.5 மி.மீ. ஏறினால் ஷாக் 1 மி.மீ. அமுங்கும். ஷாக்கில் ஒரு மி.மீ.க்கு 187 நியூட்டன் ஸ்பிரிங். விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தால், சக்கரத்தில் அது மி.மீ.க்கு 30 நியூட்டன்தான். தனியாக ஓட்டும்போது சேக் 35 மி.மீ. வரும்படி பிரீலோடை வைத்துவிட்டோம், நன்றாக இருக்கிறது. இப்போது மனைவியும் சாமானுமாக 110 கிலோ ஏறுகிறது. கிட்டத்தட்ட 1,080 நியூட்டன், அதாவது இன்னும் 36 மி.மீ. உட்காரும். மொத்தம் 71. நகர்வே 105 தானே? பள்ளத்தை வாங்கிக்கொள்ள மீதி இருப்பது 34 மி.மீ. உங்கள் வண்டி இடிப்பதன் காரணம் இதுதான். ஷாக் பழசானதெல்லாம் அதற்கு மேல் கூடுதல் சேதாரம்.

பிரீலோடை ஏற்றினால்? ஷாக்கில் 10 மி.மீ. பிரீலோட் ஏற்றினால் சக்கரத்தில் 25 மி.மீ. உயரம் திரும்பக் கிடைக்கும். 71 இலிருந்து 46-க்கு வரும். நல்ல முன்னேற்றம், ஆனால் இன்னும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டித்தான். இப்போது அதே ஷாக்கில் மி.மீ.க்கு 220 நியூட்டன் ஸ்பிரிங் போட்டு, தனியாக ஓட்ட 35 மி.மீ. வைத்து, இருவருக்கும் அதே 10 மி.மீ. பிரீலோட் ஏற்றினால் 41 மி.மீ. வரும். அதற்கு மேல் முக்கியமானது, பள்ளத்தில் விழும்போது ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஸ்பிரிங் கூடுதலாக எதிர்க்கிறது. கடைசி வரை போய் முட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். நீங்கள் பெரும்பாலும் இருவராகப் போகிறீர்கள் என்பதால், ஸ்பிரிங்கை அந்தப் பாரத்துக்கே தேர்ந்தெடுங்கள். தனியாகப் போகும் நாட்களில் பிரீலோடை இறக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் கடினமாகத் தெரியும், ஆபத்தில்லை. இன்னொன்று, இந்த வகை வண்டிக்கு, கையால் திருகும் ஹைட்ராலிக் பிரீலோட் ஆடம்பரம் இல்லை. ஸ்பேனரைப் போட்டு வளையத்தைத் திருக வேண்டிய ஷாக்கை வாங்கினால், பெட்டியைக் கழற்றி, பேனலைக் கழற்றி, ஒருமுறை திருகுவீர்கள், அப்புறம் வருடம் முழுவதும் திருக மாட்டீர்கள். ஜிஎல்1800-இல் மோட்டாரால் ஏற்றி இறக்கும் பிரீலோடும் அதற்கு இரண்டு நினைவு அமைப்புகளும் கம்பெனியிலிருந்தே உண்டு. அதை வைத்துக்கொண்டே பொருந்தும்படி சில ஷாக்குகள் கிடைக்கின்றன. வாங்குமுன் அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு தவறான உணர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். "வண்டி ரொம்பக் கடினமாக இருக்கிறது, முதுகு வலிக்கிறது" என்று சொல்பவர்களின் வண்டியை அளந்து பார்த்தால், அடிக்கடி அது இளகலான ஸ்பிரிங் வண்டியாக இருக்கும். நகர்வின் அடிப்பகுதியிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு சின்ன மேட்டிலும் நகர்வின் முடிவில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். அந்த இடியைத்தான் கடினம் என்று உடம்பு சொல்கிறது. அதைக் கேட்டு டாம்பிங்கை இன்னும் தளர்த்தினால் நிலைமை மோசமாகும். சந்தேகம் தீர வழி உண்டு. ஃபோர்க் காலில் ஒரு மெல்லிய ஜிப் டையைக் கட்டிவிட்டு ஓட்டுங்கள், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அதுவே காட்டும். பின்னால் ஷாக் தண்டு தெரியும்படி இருந்தால் அதிலும் செய்யலாம். பம்ப் ஸ்டாப் ரப்பர் ஷாக் தண்டில் எவ்வளவு உயரம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதும் நல்ல சாட்சி.

இனி ஷாக்கைத் தேர்ந்தெடுப்பது. வாங்கும்போது நான் முதலில் கேட்பது இதைத் திறந்து பழுதுபார்க்க முடியுமா என்பதைத்தான். கம்பெனியிலிருந்து வரும் பல ஷாக்குகளைத் திறக்க முடியாதபடி மூடியிருப்பார்கள். உள்ளே இருக்கும் ஆயில் சூட்டில் மெலிந்து, காற்றோடு கலந்து, சீல் தேய்ந்து, மெல்ல மெல்லச் செத்துப்போகும். மெதுவாக நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. கனமான டூரிங் வண்டியில், எக்ஸாஸ்ட் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் ஷாக்கை 60,000 கிலோமீட்டர் திறக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்றால், அதில் டாம்பிங் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. பின் சீட்டை அமுக்கி விடுங்கள். மேலே வந்து ஒரே அசைவில் நிற்க வேண்டும். ஒன்றரை, இரண்டு முறை குதித்தால் ரீபவுண்ட் (ஷாக் திரும்பி நீளுவதைக் கட்டுப்படுத்தும் டாம்பிங்) போய்விட்டது. வளைவில் ஆடுவதற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

உள் அமைப்பில் இரண்டு வகையை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். ஆயிலும் வாயுவும் ஒரே அறையில் கலந்திருப்பது எமல்ஷன் வகை. மலிவு, எளிது, நன்றாகச் செய்தால் மோசமில்லை. மிதக்கும் பிஸ்டனால் ஆயிலையும் நைட்ரஜனையும் பிரித்து வைப்பது மோனோட்யூப் வகை. 1950-களில் பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்போன் வளர்த்தெடுத்த அமைப்பு இது. மேட்டுப்பள்ளத்தில் விடாமல் அடி வாங்கும்போதும் ஆயிலில் நுரை வராது என்பதே இதன் பலம். தனி ரிசர்வாயர் இருந்தால் ஆயில் அளவு அதிகம், சூடு தாங்கும். இடம் இருந்தால் நான் இதையே சொல்வேன். வாயு நிரம்பிய ஷாக்கை மட்டும் வீட்டில் திறக்க முயற்சிக்காதீர்கள். உள்ளே 10 பார், அதற்கும் மேலான அழுத்தம் இருக்கும்.

கம்ப்ரெஷன் (அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் டாம்பிங்), ரீபவுண்ட், ஹை ஸ்பீட், லோ ஸ்பீட் என்று நான்கு குமிழ்கள் உள்ள ஷாக் டூரிங்கில் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. ரீபவுண்ட் சரிசெய்ய ஒரு குமிழ், கையால் திருகும் பிரீலோட், உங்கள் எடைக்கான ஸ்பிரிங், உங்கள் பக்கத்தில் சர்வீஸ் செய்யத் தெரிந்தவர், இது போதும். சுவீடனின் ஓலின்ஸ், ஜெர்மனியின் வில்பர்ஸ், நெதர்லாந்தின் ஹைப்பர்ப்ரோ, பிரிட்டனின் ஹேகன், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் என்று தயாரிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். பெயரை விட, ஆர்டர் எடுக்கும்போது உங்கள் எடையைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காமல் பார்ட் நம்பரை மட்டும் தட்டிப் பில் போடுகிறவரிடம் வாங்காதீர்கள்.

இரட்டை ஷாக் உள்ள ஹார்லி டூரிங் வண்டிகளில் இன்னொரு தொல்லை. தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பின் நகர்வே குறைவு. 2024 ஸ்ட்ரீட் கிளைடு, ரோடு கிளைடு வண்டிகளில் அதை 76 மி.மீ.க்கு உயர்த்தியபோது, முந்தையதை விட 50 சதவீதம் அதிகம் என்றே அறிவித்தார்கள். அப்படியானால் முன்பு எவ்வளவு குறைவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பழைய தாழ்ந்த மாடல்களில், வண்டி அனுமதித்தால் சற்று நீளமான ஷாக் போடுவதே பெரிய மாற்றம் தரும். உள்ளதையும் குறைத்து, இன்னும் தாழ்த்தும் குட்டை ஷாக்குகளை இருவர் பயணத்துக்கு நான் சொல்லவே மாட்டேன்.

பின்பக்கத்தை மட்டும் செய்துவிட்டு முன்பக்கத்தை விட்டால் ஒரு புதுப் பிரச்சினை வரும். பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும், முன்பக்கம் பழைய இளகல் ஸ்பிரிங்கில் குனியும். ஃபோர்க் கோணம் செங்குத்தாகி, டிரெயில் (முன்சக்கரத்தை நேராக ஓட வைக்கும் அளவு) குறைந்து, வண்டி சட்டென்று வளைவுக்குள் விழுவது போலாகும். அதனால் ஒரே நேரத்தில் முடியாவிட்டாலும், இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள். நல்ல செய்தி, முன்பக்கம் பின்பக்கத்தை விடப் பல மடங்கு மலிவு.

பழைய, எளிய ஃபோர்க் டாம்பர் ராட் வகை. ஒரு குழாயில் சில துளைகள், அவ்வளவுதான். துளை வழியே ஆயில் போகும்போது எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால் பிரேக் பிடிக்கும்போது நடக்கும் மெதுவான அமுக்கத்தில் எதிர்ப்பே இருக்காது, குனிந்துவிடும். கூர்மையான மேட்டில் வேகமாக அமுங்கும்போது துளை அடைத்துக்கொண்டது போல் கையில் அடிக்கும். ஒரே ஃபோர்க் மெத்தென்றும் முரட்டுத்தனமாகவும் தெரிவது இதனால்தான். இதற்கு எமுலேட்டர் என்ற ஸ்பிரிங் வால்வு கிடைக்கிறது. ராட்டின் தலையில் உட்காரும். கம்ப்ரெஷன் துளைகளைப் பெரிதாக்கிவிட்டு, வேலையை இந்த வால்விடம் ஒப்படைக்கிறோம். மெதுவான அசைவில் பிடித்துக்கொள்ளும், திடீர் அடியில் திறந்து வழிவிடும். சரியான ஸ்பிரிங்கோடு இதைப் போடுவதைப் போலக் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை முன்பக்கத்தில் வேறில்லை.

கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் மெல்லிய வாஷர் அடுக்குகள் வளைந்து ஆயிலுக்கு வழிவிடும். அங்கே வால்வையும் அடுக்கையும் மாற்றலாம், அல்லது முழுக் கார்ட்ரிட்ஜையே மாற்றலாம். 2001 தலைமுறை ஜிஎல்1800-இல் ஒரு காலில் ஆன்டி டைவ் அமைப்பு இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது கம்ப்ரெஷனை அடைத்துக் குனிவைத் தடுக்கும் யோசனை அது. ஆனால் பிரேக் பிடித்துக்கொண்டே பள்ளத்தைக் கடக்கும்போதுதான் ஃபோர்க் நன்றாக வேலை செய்ய வேண்டும், அந்த நேரம் பார்த்து அது இறுகிவிடும். கடின ஸ்பிரிங் போட்ட பிறகு அந்த அமைப்பின் தேவை வெகுவாகக் குறைகிறது. அதைச் செயலிழக்கச் செய்யும் கிட்டுகள் உண்டு. பிரேக் அமைப்போடு பிணைந்திருப்பதால், தெரிந்தவர் கையில் மட்டுமே அந்த வேலையைக் கொடுங்கள்.

முன் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, சீரான சுருள் உள்ளதையே எடுங்கள். இந்த எடை வண்டிகளுக்கு ஒவ்வொரு காலிலும் மி.மீ.க்கு 1.1 முதல் 1.2 கிலோ வரையான ஸ்பிரிங்தான் பெரும்பாலும் போகிறது. ஆரம்பத்தில் இளகி, போகப் போகக் கடினமாகும் புரோகிரெஸிவ் ஸ்பிரிங் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டாம்பிங் ஒரு கடினத்துக்குத்தான் பொருந்தும். மாறிக்கொண்டே இருக்கும் ஸ்பிரிங்குக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் அது அதிகமாகவோ குறைவாகவோ இருந்தே தீரும். அதோடு பிரேக் பிடித்ததும் இளகலான பகுதி முழுவதும் ஒரே மூச்சில் அமுங்கிப்போகும். பின்பக்கம் பாரம் பெரிதாக மாறுவதால் அங்கே புரோகிரெஸிவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, முன்பக்கத்தில் அப்படி ஒரு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஃபோர்க் ஆயிலில் கவனிக்க வேண்டியது டப்பாவின் மேல் உள்ள 5 டபிள்யூ, 10 டபிள்யூ எண்ணை நம்பாதிருப்பது. ஒரு கம்பெனியின் 5-உம் இன்னொரு கம்பெனியின் 5-உம் ஒரே பாகுத்தன்மை இல்லை. 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) என்று அவர்கள் தரும் தகவல் தாளைப் பார்த்து ஒப்பிடுங்கள். ஆயிலை மில்லி கணக்கில் ஊற்றுவதை விட, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம்வரை அளந்து வைப்பதே சரி. மேலே அடைபடும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஆயில் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினால், நகர்வின் கடைசிப் பகுதியில் எதிர்ப்பு நன்றாகவே கூடும். ஆரம்பப் பகுதி கிட்டத்தட்ட மாறாது. ஃபோர்க் முட்டுகிறது, ஆனால் மற்ற நேரம் நன்றாக இருக்கிறது என்றால் முதலில் தொட வேண்டியது இதைத்தான். திறந்த கையோடு புஷ், சீல் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

உங்கள் வண்டியில் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் கொண்டது) இல்லையென்றால் மேலே சொன்ன முன்பக்க வேலை பொருந்தாது. 1993-இல் ஆர்1100ஆர்எஸ்ஸோடு வந்த பிஎம்டபிள்யூ டெலிலீவர், 2004-இல் கே1200எஸ்ஸோடு வந்த டுவோலீவர், 2018 கோல்ட் விங்கின் டபுள் விஷ்போன், இவற்றில் எல்லாம் முன்பக்கமும் ஒரே ஷாக்தான் சுமக்கிறது. பின் ஷாக்கைப் போலவே அதையும் மாற்றலாம், ஸ்பிரிங் தேர்ந்தெடுக்கலாம். பிரேக் பிடித்தால் குனிவது அமைப்பிலேயே குறைவு என்பதால், அங்கே முன்பக்கம் குனிகிறது என்றால் ஷாக் தேய்ந்திருப்பதைச் சந்தேகியுங்கள்.

எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்காரர்கள், வெறும் ஷாக்கை வாங்கி மாட்டினால் மீட்டரில் பிழை விளக்கு எரியும், முறைகளை மாற்றும் வசதியும் போய்விடும். இருக்கும் எலக்ட்ரானிக் ஷாக்கையே திறந்து, சீலும் ஆயிலும் மாற்றி, உங்கள் எடைக்கு ஸ்பிரிங் போட்டுத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. பெரும்பாலும் அதுவே நல்ல வழி. எலக்ட்ரானிக்ஸ் டாம்பிங்கை மாற்றும், சில வண்டிகளில் பிரீலோடையும் மாற்றும். ஸ்பிரிங்கை மாற்றாது.

எல்லாம் மாட்டிய பிறகு, முதலில் இருவரும் சாமானோடும் உட்கார்ந்து சேக்கை வையுங்கள், தனியாக ஒரு முறையும் வையுங்கள். இரண்டுக்கும் பிரீலோட் குமிழ் எத்தனை கிளிக்கில் நிற்கிறது என்று எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். டாம்பிங் குமிழை முழுவதும் உள்ளே திருகி, அங்கிருந்து எத்தனை கிளிக் வெளியே என்று எண்ணுவதுதான் வழக்கம். தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் தொடங்கி, தெரிந்த ஒரே சாலையில், ஒரு நேரத்தில் ஒரு குமிழை இரண்டு கிளிக் மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். மேட்டைக் கடந்த பிறகும் வண்டி மிதந்துகொண்டே இருந்தால் ரீபவுண்ட் குறைவு. அடுத்தடுத்த மேடுகளில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, போகப் போக முரடாகிக்கொண்டே வந்தால் ரீபவுண்ட் அதிகம், ஷாக் நீளுமுன் அடுத்த அடி விழுகிறது. இருவர் பாரத்துக்குப் பிரீலோட் ஏற்றும்போது ரீபவுண்டையும் ஓரிரு கிளிக் கூட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் அதிகம் அமுங்கிய ஸ்பிரிங் அதிக வேகத்தில் திரும்பி வரும். சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடிய பின் சேக்கை மறுபடி அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கும் சீலும் படிந்த பிறகு சில மில்லிமீட்டர் மாறியிருக்கலாம். வண்டி நிமிர்ந்திருப்பதால் ஹெட்லைட் எங்கே அடிக்கிறது, சைடு ஸ்டாண்டில் எவ்வளவு சாய்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். 400 கிலோ வண்டி சைடு ஸ்டாண்டில் கூடுதலாகச் சாய்ந்தால் நிமிர்த்துவது லேசான காரியமில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடின ஸ்பிரிங் போட்டதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடிவிடாது. அந்த எண் பிரேக், சக்கரம், டயர், சட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரப்பட்டது. கனமான டூரிங் வண்டிகளில் இருவரும் மூன்று பெட்டியும் என்றாலே பலர் அந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோதான் போகிறார்கள். புது சஸ்பென்ஷனில் பாரம் உடம்புக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும். பயணத்துக்குத் தயாரான நிலையில் வண்டியை ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். முன்சக்கரம் தனியாக, பின்சக்கரம் தனியாக எடை எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஸ்பிரிங் ஆர்டர் செய்யும்போதும் அந்த எண்கள்தான் வேண்டும்.

ஆர்டரில் எழுத வேண்டியவை: முழு உடையோடும் ஹெல்மெட்டோடும் உங்கள் எடை, அதே போல மனைவியின் எடை, பெட்டிகளில் வழக்கமாக ஏற்றும் சாமான், பத்துப் பயணத்தில் எத்தனை இருவர் பயணம், வண்டியில் பின்னால் சேர்த்த கம்பி, ரேக், ஹிட்ச் போன்றவை, இப்போது எடுத்த இரண்டு சேக் அளவுகள். எடையைச் சொல்லும்போது ஐந்து கிலோ குறைத்துச் சொல்லும் பழக்கம் பலருக்கும் உண்டு. இருவரும் குறைத்தால் பத்து கிலோ, அந்த அளவுக்கு இளகலான ஸ்பிரிங்தான் வந்து சேரும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பணத்தைப் பிரித்துச் செலவழிக்க வேண்டுமென்றால், முதலில் முன்பக்க ஸ்பிரிங், ஆயில், புஷ் வேலையும் கோன்செட் சரிபார்ப்பும், அடுத்ததாகப் பின் ஷாக். ஆனால் உங்கள் பின் ஷாக் ஏற்கெனவே முட்டிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருப்பதால், உங்கள் விஷயத்தில் வரிசையை மாற்றிப் பின்பக்கத்திலிருந்தே தொடங்கச் சொல்வேன். முன்பக்கம் வரும்வரை வளைவுக்குள் பிரேக் பிடித்துக்கொண்டே நுழையாமல், நேரான பகுதியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.